இருபத்திரண்டு அங்குலம்

திருப்பரங்குன்றம்
6.1.2025

அன்புத் தம்பி ஜூடுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அம்மா, உன் அத்தான், நான் மூவரும் சுகம். நீ சுகமாகப் பாலக்காடு போய்ச் சேர்ந்தாயா? இடுப்பு எப்படி இருக்கிறது?

நேற்று போனில் நாம் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டார். "இனிமே ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. எழுதுறப்பவாவது வாயை மூடிக்கிட்டுத்தான இருக்கணும்" என்றார். நீயும் இனி போனையே எடுக்க மாட்டேன் என்று சபதம் போட்டாய். நாற்பது வயதுக்கு மேல் என்னைத் தபால் உறை வாங்க போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நிற்க வைத்த புண்ணியம் உன்னைச் சேரும்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கிறிஸ்துமஸ் ஆராதனையில் திருவிருந்து வாங்கப் போனபோது நீ ஏன் முழங்கால் போடவில்லை? வரிசையே பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருக்க, நீ மட்டும் நெடுமரமாக நின்று அப்பமும் ரசமும் வாங்கினாய். ஆயர் ஒரு நொடி தடுமாறிப் போனார். சர்க்கஸில் தன் பாதத்தைத் தன் பிடரியில் வைத்துக் கைதட்டு வாங்குகிறவன், ஆண்டவர் முன்னால் முழங்காலை மடக்க மாட்டேன் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சர்க்கஸ் உன் விசுவாசத்தைத் தின்றுவிட்டது என்று அம்மா ஒரே அழுகை.

நான் அப்படி நினைக்கவில்லை. உன் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தேன். நீ பீடத்துக் கம்பியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். அதனால்தான் கேட்டேன், நீ கத்தினாய்.

எங்கள் பள்ளியில் யோகா மாஸ்டர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். தலைமையாசிரியையிடம் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. கோபப்படாமல் யோசி.

அம்மாவின் ஜெபம் உன்னோடு இருக்கிறது. என் எரிச்சலும்தான்.

அன்பு அக்கா
ரூத்


பாலக்காடு
14.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் அத்தானும் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பேண்ட் இறுக்கம். அம்மா எடுத்துக் கொடுத்த புதுத் துணி, இங்கே தைத்தது. முழங்கால் போட்டிருந்தால் பின்பக்கம் கிழிந்திருக்கும். சபை அதைப் பார்ப்பதைவிட நான் நிற்பதைப் பார்ப்பது நல்லதில்லையா? இதற்கு ஓர் அழுகை, ஒரு பஞ்சாயத்து, ஓர் அரிசி டப்பா.

யோகா வேலை பேச்சை விட்டுவிடு. வரிசையாகப் பாய் விரித்து, மூச்சை இழு, மூச்சை விடு என்று சொல்லிக் கொடுக்க எனக்குப் பொறுமை கிடையாது.

காரியத்துக்கு வருகிறேன். என் பெட்டி போய்விட்டது. காட்சி முடிந்து இறக்கும்போது ஆட்கள் கை நழுவவிட்டு அடிமூலையில் விரிசல். டேப் ஒட்டி ஓட்டுகிறோம், உள்ளே முதுகுத் தோலைக் கிழிக்கிறது.

உனக்கு என் ஐட்டம் தெரியாது. பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லையே. கண்ணாடிபோலத் தெரியும் அக்ரிலிக் பெட்டி. நீளம் இருபத்திரண்டு அங்குலம், அகலமும் உயரமும் பதினெட்டு. முதலில் வலது கால், அடுத்து இடுப்பு, முதுகு, தலை, கடைசியில் இடது கால். மூடியைச் சாத்துவார்கள். உள்ளிருந்து ஒரு விரலை ஆட்டுவேன். கைதட்டல் அதற்குத்தான். நான் உள்ளே போகும் முன் எங்கள் அறிவிப்பாளர் தமிழ்மாறன் அண்ணன், டெய்லர் டேப்பைப் பெட்டிமேல் இழுத்து "இருபத்திரண்டு அங்குலம்!" என்று மைக்கில் முழங்குவார். அவர் டேப்பைப் பார்ப்பதுகூட இல்லை. எந்தப் பெட்டியை வைத்தாலும் அவர் வாயில் அதுதான் வரும். வாசல் பேனரிலும் அதே எண், என் படத்தைவிடப் பெரிதாக.

மார்ச் ஒன்றாம் தேதி திருச்சூரில் புது சீசன் தொடங்குகிறது. பெட்டி ஐட்டம் இருந்தால் நான் ரிங்கில், இல்லாவிட்டால் கேட்டில் டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். இங்கே கடைகளில் ரொம்ப நாள் தவணை கேட்கிறார்கள். உங்கள் பள்ளிக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர் வண்டியூரில் இருக்கிறார் என்பாயே, அவரிடம் செய்து அனுப்பு. நான் எழுதியது உள்ளளவு. மூடியில் காற்றுக்கு ஓட்டைகள் வேண்டும். உள்விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்த்திருக்க வேண்டும். தாமதம் பண்ணாதே.

தம்பி
ஜூடு


திருப்பரங்குன்றம்
25.1.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கருத்தக்கண்ணனைத் தவிர மற்ற அனைவரையும் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? நான் பேண்டைப் பற்றிக் கேட்கவில்லை.

கருத்தக்கண்ணன்தான் நீ சொன்ன பெயர்ப்பலகைக்காரர். முதல் தடவை போனபோது கடை பூட்டியிருந்தது, குலசாமி கும்பிடப் போயிருந்தார். அடுத்த தடவை, ஷீட் வர வேண்டும் என்றார். நேற்று பள்ளி விட்டதும் இரண்டு பஸ் மாறி தெப்பக்குளத்தில் இறங்கி, வெயிலில் நடந்து போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு முடிவு தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று.

நான் அளவைச் சொன்னதும், "என்ன டீச்சர், மீன் தொட்டியா?" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ, "ஆமாம்" என்றேன்.

"மீன் தொட்டிக்கு மூடியில எதுக்கு இம்புட்டு ஓட்டை?"

"மீன் மூச்சு விடத்தான்."

"மீனு தண்ணிக்குள்ளயில்ல டீச்சர் மூச்சு விடும்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அறிவியல் ஆய்வகத்துக்கு என்று மாற்றிச் சொல்லித் தப்பித்தேன்.

உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஜூடு. ஆசிரியர் அறையில்கூடத் தம்பி கேரளாவில் கம்பெனியில் இருக்கிறான் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யில்லை, நீயும் சர்க்கஸைக் கம்பெனி என்றுதானே சொல்கிறாய்.

அவர் இன்னும் ஷீட்டை வெட்டவில்லை. அதற்குள் ஒன்று கேட்கிறேன். நீளம் கட்டாயம் இருபத்திரண்டுதானா? அறிவிப்பாளர் டேப்பைப் பார்ப்பதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஓரிரண்டு அங்குலம் கூடினால் கேலரியில் இருப்பவனுக்கு என்ன தெரியப் போகிறது? உனக்குக் கொஞ்சம் தாராளமாக இருக்குமே. யோசித்து எழுது.

யோகா மாஸ்டர் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

அன்பு அக்கா
ரூத்


பாலக்காடு
1.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மீன் தொட்டியா? நன்றாக இருக்கிறது. அறிவியல் ஆய்வகம் இன்னும் நன்றாக இருக்கிறது. ஊரில் எனக்கு என்ன மரியாதை என்று தெரிந்துகொண்டேன்.

இருபத்திரண்டு. நான் எழுதியது அதுதான், வேண்டியதும் அதுதான். விடை வராவிட்டால் தோராயமாகப் போட்டுக்கொள்ள இது உன் வகுப்புக் கணக்கு இல்லை. தமிழ்மாறன் அண்ணன் டேப்பைப் பார்க்காததற்குக் காரணம், அது இருபத்திரண்டாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த அளவுக்குள் நான் போகிறேன் என்பதுதான் என் தொழில். அதைக் கூட்டிவிட்டால் நான் சும்மா ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள். அப்படி உட்கார எனக்கு எதற்கு சர்க்கஸ்?

எனக்குத் தாராளமாக இருக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? இங்கே முதலாளி என் வயதைக் கேட்கிறார். சமையல்காரர்கூட என் தட்டைப் பார்த்து "போதுமா அண்ணே" என்கிறார். நீ அங்கிருந்து இடுப்பு இடுப்பு என்கிறாய். ஆளாளுக்கு என் உடம்பைப் பற்றி ஓர் அபிப்பிராயம். எம்புட்டு மடங்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். ஆர்டரைக் கொடு, அனுப்பு.

தம்பி
ஜூடு


திருப்பரங்குன்றம்
15.2.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீ எப்படி இருக்கிறாய்? இடுப்பைப் பற்றிக் கேட்டால் உனக்குக் கோபம் வருகிறது. கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எனவே கேட்டுவிட்டேன்.

பெட்டி ஒரு வழியாக முடிந்து, இன்று காலை மாட்டுத்தாவணி பார்சல் ஆபீசில் ஏற்றிவிட்டேன். கருத்தக்கண்ணன் வேலையைக் குறை சொல்ல முடியாது. விளிம்பெல்லாம் உன் விருப்பப்படி தேய்த்திருக்கிறார். அளவைத் துண்டுச்சீட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். பெட்டி வந்ததும் இரண்டு தடவை அளந்தும் பார்த்தேன். நீ வேறு அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்று நாளாக அது கூடத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை உள்ளே உட்கார்ந்து எழுந்தார்கள். அம்மா அதைக் கண்டாலே அடுக்களைக்குப் போய்விடுவார். கடைசி நாள் மட்டும் வந்து, பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்து ஜெபம் பண்ணினார். என்ன ஜெபித்தார் என்று கேட்டேன், முந்தானையால் பெட்டியைத் துடைத்துவிட்டுப் போனார்.

நேற்று யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது காலை உள்ளே வைத்தேன். பிறகு உட்காரப் பார்த்தேன். பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து உன் அத்தான் வந்துவிட்டார். "என்ன ரூத்து பண்ற?" என்றார். "அளவு பாக்குறேன்" என்றேன். "உன் அளவையா, பெட்டி அளவையா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னை வெளியே இழுத்தார். சத்தியசீலன் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி ஒரு குசும்பு.

அவர் போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தினமும் இதற்குள் இருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயமாக இருந்தது, ஜூடு. இத்தனை வருஷம் வந்து பார்க்காததற்கு ஏதேதோ காரணம் சொல்லியிருக்கிறேன். காரணம் இந்தப் பயம்தான்.

பெட்டி வந்ததும் எழுது.

அன்பு அக்கா
ரூத்


திருச்சூர்
22.2.2025

என் அருமை அக்காவுக்கு,

நலம், நலம், நலம். அம்மாவுக்கு ஒரு முத்தம். கருத்தக்கண்ணனுக்கு ஒரு மாலை.

பெட்டி கீறல் இல்லாமல் வந்தது. அன்றைக்கே உள்ளே போனேன். மூடி தானாக உட்கார்ந்தது, யாரும் அழுத்தவில்லை. பழைய பெட்டியில் போன வருஷம் முழுக்க இரண்டு ஆட்கள் அழுத்தித்தான் மூடினார்கள். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. இதிலோ இருபது வயதில் போனதுபோல் போனேன். தமிழ்மாறன் அண்ணன் "மாப்ள, உனக்கு வயசு திரும்புதுடா" என்றார். முதலாளி பார்த்துவிட்டுத் தலையாட்டினார், அவர் தலையாட்டுவதே அபூர்வம். என்னைக் கிழவனாக்கப் பார்த்தாயே அக்கா, இப்போது என்ன சொல்கிறாய்?

ஒரே ஒரு குறை. சுழல் மேசையில் பெட்டியை வைக்க ஒரு மரச்சட்டம் உண்டு. அதில் இந்தப் பெட்டி உட்காரவில்லை. கருத்தக்கண்ணன் தடித்த ஷீட் போட்டிருக்கிறார், வெளியளவு கூடிவிட்டது. தச்சரைப் பிடித்துச் சட்டத்தை அகட்ட வேண்டியதாயிற்று. அடுத்த தடவை அவரிடம் சொல்.

இன்னொரு சந்தோஷம். இந்த சீசனில் தமிழ்மாறன் அண்ணன் அளக்கப் போவதில்லை. கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, டேப்பை அவர் கையில் கொடுத்து, மைக்கில் அவரையே படிக்கச் சொல்லப் போகிறோம். யோசனை என்னுடையது. சந்தேகப்படுகிறவன் வந்து அளக்கட்டுமே!

வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்.

தம்பி
ஜூடு


திருப்பரங்குன்றம்
26.2.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. உடனே அரிசி டப்பாவிலிருந்து போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது, நீ எடுக்கவில்லை. பிறகு "எழுது" என்று ஒரு சொல் மட்டும் மெசேஜ் அனுப்புகிறாய். உன் வீம்பை எங்கே கொண்டு போய் வைப்பது? பதிலுக்கு மெசேஜில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை.

எனவே எழுதுகிறேன், ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். டேப்பை வெளியாள் கையில் கொடுக்காதே. பழையபடி தமிழ்மாறன் அண்ணனே அளக்கட்டும். கூட்டத்திலிருந்து வருகிறவன் எப்படிப்பட்டவனோ, கோணலாகப் பிடிப்பான், தப்பாகப் படிப்பான், வீண் வம்பு. ஷீட் தடிமனாகத்தான் இருக்கும், நீ சொல்வது சரி. வெளியளவை எடுத்துவிட்டால் என்ன செய்வாய்? உன் அக்கா உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இது ஒன்றைக் கேள்.

அன்பு அக்கா
ரூத்


திருச்சூர்
4.3.2025

அக்காவுக்கு,

உன் ஸ்பீடு போஸ்ட் நேற்று வந்தது. முதல் காட்சி சனிக்கிழமை முடிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள். கூடாரம் நிறைந்த கூட்டம். முன்வரிசையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் டெய்லர். வேறு யாராவது என்றால் மேலோட்டமாகப் பிடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் மூடியைத் திறந்து, டேப்பை உள்ளே விட்டு, மூலையிலிருந்து மூலைக்கு இழுத்து, விரலால் நீவிப் பார்த்தார். பேனரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார், இருபத்து நாலு என்று. தமிழ்மாறன் அண்ணன் சிரித்து மழுப்பி இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். மறுபடியும் இருபத்து நாலு. கூட்டம் சிரித்தது, விசில் அடித்தது. நான் பளபள உடையோடு பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகும் உள்ளே போனேன். விரலை ஆட்டினேன். ஒருத்தரும் கைதட்டவில்லை. அது இப்போது எல்லோர் போனிலும் ஓடுகிறது.

ஷீட் தடிமன் எல்லாம் இல்லை. உள்ளளவே இருபத்து நாலு. துண்டுச்சீட்டில் அளவை எழுதிக் கொடுத்தவள் நீ, இரண்டு தடவை அளந்தவள் நீ, கணக்கு டீச்சரும் நீ.

நான் இங்கே நாலு பேர் முன்னால் கூனிக் குறுகி ஓடி வர வேண்டும், வந்து உன் பள்ளியில் பாய் விரிக்க வேண்டும், அதற்குத்தானே? நேராகச் சொல்லியிருக்கலாம். என்னை ஏமாற்றுக்காரன் ஆக்கியிருக்க வேண்டாம்.

முதலாளி என்னை கேட்டுக்கு அனுப்பிவிட்டார். உனக்குத் திருப்திதானே. எனக்கு இனி எழுதாதே.

ஜூடு


திருப்பரங்குன்றம்
12.3.2025

ஜூடுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

ஆமாம், நான்தான். கருத்தக்கண்ணன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நீளம் இருபத்து நாலு என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அறிவிப்பாளர் டேப்பைப் பார்ப்பதில்லை என்று நீ எழுதியதை நம்பி எழுதினேன். உன் உடம்புக்கு, உன்னைக் கேட்காமல் நான் அளவு எழுதியது தப்பு. மன்னித்துக்கொள். இதை ஒரு தடவைதான் கேட்பேன்.

ஆனால் மற்றதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன்னை அவமானப்படுத்தி ஊருக்கு இழுக்கத்தான் இப்படிச் செய்தேன் என்கிறாய். உன்னை வரவழைக்க நினைத்திருந்தால் நான் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம், ஜூடு. நீ சொன்னபடி இருபத்திரண்டு அங்குலத்திலேயே செய்து அனுப்பியிருந்தால் போதும். ஆள் வைத்து அழுத்தினாலும் சீசன் முடியும் முன்னே அதற்குள் போக முடியாமல் நின்றிருப்பாய். அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாய். நீ இங்கே வந்து, மூன்று வேளை சாப்பிட்டு, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் அந்த இரண்டு அங்குலத்தைக் கூட்டினேன். நீ ரிங்கிலேயே இருக்க வேண்டும் என்றுதான் கூட்டினேன்.

இருபத்திரண்டுக்குள் நீ போக மாட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கிறிஸ்துமஸ் அன்று கோவிலில் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும்போது உன் வலது காலை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய். பீடத்தருகே நீ முழங்காலை மடக்கத்தான் போனாய். பாதியில் உன் முகம் வெளுத்தது. உடனே நிமிர்ந்துவிட்டாய். உன் பேண்ட் தொளதொளவென்று இருந்தது. தாராளமாகத் தைக்க வேண்டும் என்று அம்மா கூடுதலாக எடுத்த துணி அது.

ஒவ்வொரு கடிதத்திலும் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ உள்ளதை எழுதியிருந்தால் நான் அந்தத் துண்டுச்சீட்டில் எதையும் திருட்டுத்தனமாக எழுதியிருக்க மாட்டேன். என்மேல் உனக்கு இருக்கிற கோபம் எனக்கும் உன்மேல் இருக்கிறது.

அக்கா
ரூத்


திருப்பரங்குன்றம்
30.3.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம் என்றே எழுதுகிறேன். பதில் இல்லை. யோகா மாஸ்டர் வேலைக்குத் திருமங்கலத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்துவிட்டாள், திவ்யா என்று பெயர். எனவே அந்தப் பேச்சு முடிந்தது, நீ பயப்பட வேண்டாம்.

அம்மா போனை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்துத் தன் தலைமாட்டில் வைத்திருக்கிறார். எது அடித்தாலும் பதறி எடுக்கிறார். லோன் வேண்டுமா என்று கேட்கும் பிள்ளைகளிடம்கூட "சாப்ட்டியாப்பா" என்கிறார்.

ஈஸ்டருக்கு வருவாயா? வர முடியாவிட்டால் முடியாது என்றாவது எழுது.

ரூத்


திருச்சூர்
9.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். இடுப்பு நலமில்லை. வலது பக்கம். போன மழைக்காலத்திலிருந்தே அப்படித்தான். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. செருப்பு மாட்டக் காலைக் கையால் தூக்குகிறேன். அன்றைக்குக் கோவிலில் முழங்கால் போட்டிருந்தால் நான் தனியாக எழுந்திருக்க மாட்டேன். ஆயரும் சபையும் சேர்ந்து தூக்கியிருக்க வேண்டும். ரிங்கில் மடங்குகிறவன் கோவிலில் மடங்கிக் கிடப்பதை அம்மா பார்க்க வேண்டாம் என்று நின்றேன். பேண்ட் நன்றாகத்தான் இருந்தது.

இருபது வயதில் போனதுபோல் போனேன் என்று எழுதியது பொய். மூடி தானாக உட்கார்ந்தது உண்மை. ஆனால் உன் பெட்டிக்குள் முதல் தடவை துண்டைக் கடித்துக்கொண்டுதான் போனேன். வெளியே வந்து தடுப்புக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். இருந்தாலும் இருபத்திரண்டு இன்னும் என்னுடையதுதான் என்று ஒரே குதியல். வலி கிடக்கட்டும், அளவு கைவிட்டுப் போகவில்லையே என்று இருந்தேன். அந்தக் குதியலில்தான் வெளியாளைக் கூப்பிட்டு டேப்பைக் கொடுத்தேன்.

டெய்லர் இருபத்து நாலு என்றதும் கூட்டம் சிரித்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அக்கா. இருபத்து நாலுக்கே இந்தப் பாடு என்றால் நான் எங்கே நிற்கிறேன் என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஆத்திரத்தை உன்மேல் கொட்டினேன். வேறு யார்மேல் கொட்டுவேன்? நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிறேன். பதில் எழுதத்தான் வரவில்லை.

போன வாரம் காட்சி இல்லாத நாள். வெறும் தரையில் உட்கார்ந்து, துண்டைக் கடிக்காமல், மூச்சைப் பிடிக்காமல், எம்புட்டு முடியுமோ அம்புட்டு மடங்கினேன். தமிழ்மாறன் அண்ணனை டேப் பிடிக்கச் சொன்னேன். இந்தத் தடவை அவர் டேப்பைப் பார்த்தார். "இருபத்தஞ்சுடா மாப்ள" என்றார். மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது.

நீ கூட்டியது போதவில்லை, அக்கா. இன்னும் ஓர் அங்குலம் வேண்டும்.

முதலாளியிடம் போய்ப் பேனரில் எண்ணை மாற்றச் சொன்னேன். "இருபத்தஞ்சுக்கு எவன் கைதட்டுவான்?" என்றார். "டேப்பு என்ன சொல்லுதோ அத மைக்ல சொல்லுவோம். தட்டுறவன் தட்டட்டும்" என்றேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. பெட்டி வரட்டும், பார்ப்போம் என்கிறார். ஒருவேளை கேட்டிலேயே நிற்க நேரலாம். அதற்காக வேறு வேலை எதுவும் எனக்குப் பேசி வைக்காதே, அந்தப் பழக்கத்தை விடு.

ஈஸ்டருக்கு வாரேன். நின்றுகொண்டேதான் வாங்குவேன். ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நேரில்.

நாளைக்கே வண்டியூர் போ. நீளம் இருபத்தைந்து, மற்றதெல்லாம் பழையபடி. உள்ளளவு. நீயாக எதையும் கூட்டாதே, குறைக்காதே. எதற்கு என்று கருத்தக்கண்ணன் கேட்பார். என் தம்பிக்கு என்று சொல்.

தம்பி
ஜூடு